டிரைவர் இல்லாத காரில் போகிறேன், சர்க்கரை ஏறுகிறது: காரை விட்டுவிட வேண்டுமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 43. ஃபீனிக்ஸை ஒட்டிய டெம்பியில் வீடு, ஃபீனிக்ஸ் நகர மையத்தில் ஆபீஸ், மென்பொருள் வேலை. வாரத்தில் நான்கு நாள் ஆபீஸுக்குப் போக வேண்டும். முன்பு லைட் ரெயிலில் போய்வந்தார். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒன்பது நிமிட நடை, இறங்கியபின் ஆபீஸுக்கு ஆறு நிமிடம். ஒன்றேகால் வருடமாக வேமோ என்ற நிறுவனத்தின் டிரைவர் இல்லாத டாக்ஸியில் போகிறார். செலவில் ஒரு பகுதியைக் கம்பெனி தருகிறது. வண்டி வாசலில் வந்து ஏற்றி ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுகிறது. காலை டிபனை வண்டியிலேயே முடித்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து முதல் மீட்டிங்கையும் அங்கேயே தொடங்கிவிடுகிறார்.

இந்த இடைவெளியில் எடை 70 கிலோவிலிருந்து 74 ஆனது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.6-லிருந்து 6.1 ஆகிவிட்டது. உயரம் 171 சென்டிமீட்டர். அப்பாவுக்கு ஐம்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. இவர் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் ஜிம்முக்குப் போகிறார், ஆபீஸில் நின்று வேலை செய்யும் மேசை வாங்கியிருக்கிறார். “காரில் போவதால் சர்க்கரை ஏறுமா டாக்டர்? முன்பும் ரெயிலில் உட்கார்ந்துதானே போனேன்?” என்று கேட்கிறார்.

வீட்டில் இன்னும் இருவர் இந்த வண்டியைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது பயன்படுத்த ஆசைப்படுகிறார்கள். 71 வயது அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். கார் ஓட்டத் தெரியாமல் வீட்டோடு இருந்தவர், இப்போது மருமகள் போனில் புக் செய்து கொடுக்க, வாரத்தில் மூன்று நாள் தனியாகப் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் கடைக்கும் போய்வருகிறார். 14 வயது மகள் இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குச் சைக்கிளில் போகிறாள். 14 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தனியாகப் போகும் கணக்கை 2025 ஜூலையில் வேமோ ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் திறந்ததிலிருந்து, தனக்கும் வேண்டும் என்று கேட்கிறாள். “மூன்று பேருக்கும் அந்த வண்டியே வேண்டாம்” என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி என்பதுதான் கடிதத்தின் கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 6.1 பற்றி. அது சர்க்கரை நோய் அல்ல. 6.5-ஐத் தொட்டால்தான் நோய் என்போம். 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை, அதில் நீங்கள் நடுவழியைத் தாண்டி நிற்கிறீர்கள். “இன்னும் வரவில்லை என்பதால் கவலைப்படவில்லை” என்று எழுதியிருப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்கு இப்போது 25.3. வெள்ளையர்களுக்கான அட்டவணையில் அது எல்லையை லேசாகத் தாண்டிய எண். ஆனால் ஆசியர்களுக்கு 23-லேயே சர்க்கரைப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-ல் விதியை மாற்றியது. சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியர்களை 2010 முதல் பின்தொடரும் ‘மசாலா’ என்ற ஆய்வும் இதையே காட்டுகிறது. அதே எடையுள்ள மற்றவர்களைவிட நமக்குத் தசை குறைவு, கல்லீரலிலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு அதிகம். அப்பாவுக்கு ஐம்பதில் வந்தது என்றால், உங்களுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். இப்போதே செயல்பட்டால் பலன் கிடைக்கும் கட்டத்தில் இருக்கிறீர்கள்.

ரெயிலில் உட்கார்ந்தீர்கள், ஆனால் ரெயிலுக்கு நடந்தீர்கள்

“முன்பும் உட்கார்ந்துதானே போனேன்” என்ற உங்கள் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்பதும் ஆறும் பதினைந்து. போக வர முப்பது நிமிடம். வாரத்தில் நான்கு நாள் என்றால் 120 நிமிடம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், முடிந்தால் 300 நிமிடம், மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 150-ல் ஐந்தில் நான்கு பங்கை ஷூ மாட்டிக்கொள்ளாமல், அலாரம் வைக்காமல், உடற்பயிற்சி என்று பெயர்கூடச் சொல்லாமல் நீங்கள் முடித்துக்கொண்டிருந்தீர்கள். பத்து நிமிடத்துக்குக் குறைவான நடையைச் சேர்க்கக் கூடாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2020 வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் ஒன்பதும் ஆறும் முழு மதிப்புள்ள நிமிடங்கள்.

இது உங்கள் ஒருவர் கதை அல்ல. அமெரிக்காவில் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களைப் பற்றி 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. பஸ்ஸுக்கும் ரெயிலுக்கும் நடந்துபோய் வருவதிலேயே அவர்களில் பாதிப்பேர் நாளுக்கு 19 நிமிடமோ அதற்கு மேலோ நடந்தார்கள். அட்லாண்டாவில் 2004-ல் வந்த ஆய்வில், ஒரு நாளில் காரில் கழிக்கும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும் உடல் பருமன் வாய்ப்பு 6 சதவீதம் உயர்ந்திருந்தது. இங்கே நம் ஊரில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள் பைக் வாங்கிய இரண்டாம் வருடம் என்னிடம் கொண்டுவரும் ரிப்போர்ட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன். காரை யார் ஓட்டுகிறார்கள், ஓட்ட ஆளே இல்லையா என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியாது. வாசலுக்கும் வண்டிக்கும் இடையே எத்தனை அடி என்பதுதான் தெரியும்.

ஆனால் நான்கு கிலோவையும் வண்டியின் தலையில் கட்ட முடியாது. வாரத்துக்கு 120 நிமிட நடைக்கு, சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக உங்கள் எடைக்குச் சுமார் 300 கலோரி செலவாகும். ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் காகிதத்தில் இரண்டு கிலோ வரும், உடம்பில் அதைவிடக் குறையும். மீதி வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய பழைய ஆய்வு எனக்கு இந்த இடத்தில் எப்போதும் நினைவுக்கு வரும். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்டது. மாடி பஸ்ஸில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, தினமும் 500 முதல் 750 படி ஏறிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு ஏறத்தாழ பாதிதான். அதோடு விட்டிருந்தால் நல்ல கதை. மோரிஸ் விடவில்லை. யூனிஃபார்ம் தைத்த அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே கால்சட்டை இடுப்பு பெரிதாக இருந்தது என்று 1956-ல் அவரே எழுதினார். உட்காருவது உண்மையான காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல என்று கண்டவர் அவர். உங்கள் கடிதத்திலும் அந்த இன்னொரு காரணத்தைத் தேடினேன், கிடைத்தது.

மிச்சமான நேரம் எங்கே போனது?

“ஓட்டும் களைப்பு இல்லை, நேரம் மிச்சம்” என்று எழுதியிருக்கிறீர்கள். ரெயிலிலும் நீங்கள் ஓட்டவில்லை, ஆகவே களைப்புக் கணக்கை விட்டுவிடலாம். மிச்சமான நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் வேறொரு பத்தியில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எட்டு மணிக்குத் தொடங்கும் முதல் மீட்டிங்கை வண்டியில் எடுக்கிறீர்கள், வண்டி எந்த நேரமும் கிடைக்கும் என்பதால் ஆபீஸிலிருந்து தாமதமாகக் கிளம்புகிறீர்கள், இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்குப் போய்விட்டது. வண்டி கொடுத்த நேரத்தை வேலை வாங்கிக்கொண்டது.

இப்படித்தான் ஆகும் என்று முன்பே சிலர் எதிர்பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சிக் குழு, சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 13 பேருக்கு ஒரு வாரம் இலவசமாக டிரைவரைக் கொடுத்துப் பார்த்தது. தானாக ஓடும் கார் வீட்டில் இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒத்திகை அது. 2018-ல் முடிவு வந்தது. அவர்களுடைய கார்கள் ஓடிய தூரம் 83 சதவீதம் கூடியிருந்தது. பதின்மூன்று பேரை வைத்து உலகத்தைச் சொல்ல முடியாது, சரிதான். ஆனால் பின்னர் சேக்ரமென்டோவில் அதிகக் குடும்பங்களோடு செய்தபோதும் 60 சதவீதம் கூடியது. அங்கே பஸ், ரெயில், சைக்கிள், நடை எல்லாம் குறைந்தன. சிரமம் இல்லாத பயணத்தை மனிதர்கள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் சர்க்கரைக்கு இன்னொன்று முக்கியம் என்று நினைக்கிறேன். முன்பு வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தீர்கள். சாப்பிட்டவுடன் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, நடக்கும்போது சுருங்கி விரியும் கால் தசைகள் இன்சுலினுக்காகக் காத்திராமலே இழுத்துக்கொள்ளும். இட்லிக்குப் பிறகான ஒன்பது நிமிடம் உங்களுக்கு மருந்தாக இருந்தது. இப்போது அதே இட்லியைச் சீட்பெல்ட் மாட்டியபடி சாப்பிட்டு, அப்படியே மீட்டிங்கில் உட்கார்ந்து, இறங்கியதும் நாற்காலிக்குப் போகிறீர்கள். இரவு ஒன்பதரைச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கை. எடைத்தட்டு காட்டுவதைவிட எச்பிஏ1சி வேகமாக ஏறியிருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சனிக்கிழமை ஜிம் வீண் இல்லை, விட்டுவிடாதீர்கள். வாரத்து உழைப்பை ஓரிரு நாளில் சேர்த்துச் செய்பவர்களுக்கும் இதயப் பாதுகாப்பு கிடைக்கிறது என்று சமீபத்திய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சர்க்கரையில் வேறு விதி. ஒருமுறை உழைத்த தசை இன்சுலினுக்கு நன்றாகக் கீழ்ப்படிவது ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். சனிக்கிழமை செய்தது திங்களோடு தீர்ந்துவிடும், செவ்வாய் முதல் வெள்ளி வரை கையிருப்பு இல்லை. இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விடாதீர்கள் என்று சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்வது இதனால்தான். நின்று வேலை செய்யும் மேசை முதுகுக்கு நல்லது. ஆனால் நிற்பது நடப்பதாகாது.

அம்மாவுக்கு வேறு கணக்கு

உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. ஆனால் மூவருக்கும் ஒரே தீர்ப்பு சொன்னதில் அம்மாவுக்கு அநியாயம் நேர்கிறது. உங்களுக்கு அந்த வண்டி நடையின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மாவுக்கு அது சோபாவின் இடத்தில் வந்தது. ஓட்டத் தெரியாத, முட்டி வலிக்கும், கடைகள் எல்லாம் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் ஊரில் பகலெல்லாம் தனியாக இருந்த ஒரு தாய், இன்று வாரத்தில் மூன்று நாள் பூங்காவில் மற்ற அம்மாக்களோடு நடக்கிறார். இதைவிட நல்ல செய்தி உங்கள் கடிதத்தில் இல்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

“நடந்தால் மூட்டு இன்னும் தேயாதா?” என்று அடைப்புக்குறிக்குள் கேட்டிருக்கிறீர்கள். தேயாது. மூட்டுத் தேய்மானத்துக்கு நடையும் தொடைத் தசைப் பயிற்சியும்தான் முதல் சிகிச்சை. நடக்கும்போது வரும் வலி அன்றிரவோ மறுநாளோ பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. வீங்கினால் குறைத்துக்கொள்ளட்டும். வீட்டில் கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, முதலில் ஐந்து முறை, பிறகு பத்து. வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் இந்த வயதுக்குத் தேவை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதே போதும்.

நான் பயப்படுவது வேறு இடத்தில். டாக்ஸியில் டிரைவர் இருந்தால், பெரியவர் தடுமாறும்போது இறங்கிவந்து கை கொடுப்பார். இந்த வண்டியில் அந்தக் கை இல்லை. அதனால் ஏற இறங்கப் பழக்குங்கள்: முதலில் இருக்கையில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே எடுக்க வேண்டும். இறங்கும்போது இரண்டு பாதமும் தரையில் பதிந்தபின் எழ வேண்டும். சாலையைக் கடக்க வேண்டாதபடி இறங்குமிடத்தைப் பூங்கா வாசல் பக்கமே குறித்துக் கொடுங்கள். வண்டிக்குள்ளிருந்தே உதவி மையத்தோடு பேசும் பொத்தானை ஒருமுறை கூடவே உட்கார்ந்து அழுத்திக் காட்டுங்கள். கோடையில் வண்டி வந்து நின்றபிறகு வெளியே வந்தால் போதும், கையில் தண்ணீர் இருக்கட்டும்.

மகளின் சைக்கிள்

இங்கே உங்கள் மனைவி பக்கம்தான் நான். வளரும் பிள்ளைக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும். பள்ளிக்குப் போக வர நான்கு கிலோமீட்டர் சைக்கிள் அதில் ஒரு பகுதியைத் தினமும் தானாகக் கொடுக்கிறது. உங்களிடமிருந்து போனது போலவே அவளிடமிருந்தும் சத்தமில்லாமல் போகும். கணக்கைத் தொடங்கிக் கொடுங்கள், ஆனால் எதற்கு என்று பேசி முடிவு செய்யுங்கள். இருட்டியபின் வரும் வகுப்பு, தூரத்துத் தோழி வீடு, வெயில் கொளுத்தும் நாள் இவற்றுக்குச் சரி. பள்ளிக்குச் சைக்கிள்.

சாலையில் பயமாக இருக்கிறது என்பது உங்கள் வாதம். அது பொய்யான பயம் அல்ல. அமெரிக்காவில் 2023-ல் மட்டும் 7,000-க்கு மேற்பட்ட பாதசாரிகள் வாகனம் மோதி இறந்தார்கள். தானியங்கி வண்டிகள் பாதசாரிகளை மோதாமல் ஓடப் பழகினால், நடப்பதற்கும் சைக்கிளுக்கும் சாலை நல்ல இடமாகும் என்ற நம்பிக்கை எனக்கும் உண்டு. 2018 மார்ச்சில் உங்கள் டெம்பியிலேயே, சோதனை ஓட்டத்தில் இருந்த வேறொரு நிறுவனத்தின் தானியங்கி வண்டி சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றதையும் மறக்க முடியாது. அந்த நம்பிக்கை பலிப்பதற்கு யாராவது நடந்துகொண்டும் மிதித்துக்கொண்டும் இருக்க வேண்டும். எல்லோரும் வண்டிக்குள் ஏறிவிட்ட ஊரில் நடைபாதைக்கும் சைக்கிள் தடத்துக்கும் யார் பணம் கேட்பார்கள்? மகளோடு ஒரு ஞாயிறு காலை பள்ளிவரை நீங்களும் மிதித்துப் போய், எந்தத் திருப்பம் ஆபத்து என்று பாருங்கள். அதற்கு மாற்றுத் தெரு இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது

காரை முழுக்க விட்டுவிடச் சொல்ல மாட்டேன். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரிக்கு மேல் போனது. அந்த ஊரில் ஜூலை மாலை ஐந்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து நடங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது தவறு. ஆனால் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை உங்கள் ஊர் வெயில் நடக்க ஏற்ற வெயில். அந்த மாதங்களில் நான்கில் மூன்று நாளாவது ரெயிலுக்குத் திரும்புங்கள். ரெயில் பாஸுக்கு வரி பிடிக்காத சம்பளத்திலிருந்து பணம் ஒதுக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது, 2025-ல் அதன் வரம்பு மாதம் 325 டாலர். டாக்ஸிக்குப் பணம் தரும் கம்பெனியிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கார் நாட்களில், ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் நீங்களே நகர்த்தலாம். ஆபீஸுக்குப் பத்து நிமிடம் முன்பாக இறங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் சாப்பிடுவதை நிறுத்துங்கள். இது ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். டிபன் வீட்டில், அதன்பின் பத்து நிமிட நடை, பிறகு வண்டி. கோடையில் ஐந்தரைக்கு முன்பே விடிந்துவிடுகிறது, அந்த முதல் அரைமணி உங்களுடையதாக இருக்கட்டும். மாலையில் குளிரூட்டிய அரிசோனா மில்ஸ் மாலுக்குள் நடப்பதும் நடைதான். இரவுச் சாப்பாட்டை எட்டுக்கு முன் கொண்டுவர முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். மீட்டிங்கில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். சனிக்கிழமை ஜிம்மில் ஒரு மணி நேரத்தைப் புதன்கிழமைக்கு மாற்றுங்கள்.

இதெல்லாம் எவ்வளவு பலன் தரும் என்றால், உங்கள் நிலையில் இருந்தவர்களுக்கு உணவையும் நடையையும் மாற்றியதில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது என்று 2002-ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு காட்டியது. வாரம் 150 நிமிட உழைப்பு, உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பு, இதுதான் அங்கே இலக்கு. உங்களுக்கு அது சுமார் ஐந்து கிலோ. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில் நம் மக்களுக்கு 28.5 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனுக்கு அது கொஞ்சமும் குறைவில்லை. மாத்திரை தேவையா என்பதை உங்கள் மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லட்டும். அவரிடம் கொழுப்பு, ரத்த அழுத்தம், கல்லீரல் பரிசோதனையும் கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ வந்தால், இந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் அவரைப் பாருங்கள்.

அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் அங்கீகரித்த ஓராண்டு நீரிழிவுத் தடுப்பு வகுப்புகள் அங்கே நடக்கின்றன. எச்பிஏ1சி 5.7-க்கும் 6.4-க்கும் இடையே இருந்து, ஆசியருக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தொட்டால் சேரலாம். இரண்டு தகுதியும் உங்களுக்கு இருக்கிறது. பல காப்பீடுகள் கட்டணத்தை ஏற்கின்றன. உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு போன் செய்து பாருங்கள்.

அம்மா பூங்காவுக்குப் போகும் நாட்களில் ஒன்றை உங்கள் ஆபீஸ் நாளோடு பொருத்தி, காலை ஆறு மணிக்கு அவரோடு அதே வண்டியில் ஏறுங்கள். அவர் வேகத்தில் அரைமணி நடந்துவிட்டு, அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அங்கிருந்து ஆபீஸுக்குக் கிளம்புங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்து, அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். எடையையும் இடுப்பளவையும் சேர்த்து எழுதுங்கள். இடுப்பு 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு டேப்பை எடுத்துப் பாருங்கள்.